போசி தாண்டிய வீடு

மகனே,

போன சனிக்கிழமை போசி நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. நான் புளியை ஊறவைத்து, கத்தரிக்காய் வாங்கி வைத்து, வாசல் கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்தேன். நமக்கு முந்தின வீட்டிலிருந்து அது நேராக எஸ்தர் வீட்டுக்குப் போயிருக்கிறது. மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் நம் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். பாவம், சின்ன வயது. அங்கியை மடித்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்: "உங்க மகன்தாம்மா கேட்டுக்கிட்டாரு. அம்மாவுக்கு முடியல, ஆனா முடியலன்னு அவங்க வாயால சொல்லமாட்டாங்க, நீங்களே மெதுவா விட்டுடுங்கன்னாரு." நான் வீட்டுக்கு வந்தேன். இருபது பேருக்கு வாங்கிய கத்தரிக்காயில் பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, மீதியை எனக்குக் குழம்பு வைத்து, வாரம் பாதி அதையே சாப்பிட்டேன்.

இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதற்குள் பெங்களூர் ஆபீசிலிருந்து உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்தபின் ஒரு பிரதியைச் சபைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் போடமாட்டேன், பயப்படாதே. உன்னைப் போலப் பாசமுள்ள பிள்ளைகள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் என்னைப் போல உட்கார்ந்து எழுதுகிறவர்களாக இல்லாமல் இருக்கலாம்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மற்றவர்கள் படித்தால் புரிவதற்காகச் சொல்கிறேன். போசி என்பது மூடியும் தூக்குப் பிடியும் உள்ள பாத்திரம். இப்போது நம் சபையில் இருப்பது எவர்சில்வர். சுற்றியுள்ள கிராமங்களில் ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறவர்கள் மத்தியானம் திரும்பி வந்து சாப்பிடுவார்கள். எந்த வீட்டில் போசி இருக்கிறதோ அந்த வீட்டில் அந்த வாரச் சமையல். முடிந்ததும் போசியைக் கழுவித் துடைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். வெறும் போசியாகக் கொடுக்கக் கூடாது. உள்ளே ஒரு பிடி கேழ்வரகு மாவு போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதை யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் பார்த்த முதல் போசி பித்தளை.

நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். போன முறை நீ வந்திருந்தபோது சோற்றுப் பானையை இறக்கப்போய்க் கஞ்சி என் இடது கையில் கொட்டிவிட்டது. கொப்புளத்தைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்துப்போனது. மருந்து போட்டுவிட்டாய். ரயிலுக்குப் போகும் வழியில் ஐயர் வீட்டில் இறங்கியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் நல்ல எண்ணத்தில் ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே கண்ணால் பார்த்தவள். அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அது அறுபதுகளின் நடுவில். நான் இதே ஊரிலிருந்து மொரப்பூருக்கு நடந்துபோய் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நம் சபையில் அந்த வகுப்பு வரை போன முதல் பெண் நான்தான். கடலை மடித்துவந்த காகிதத்தைக்கூடப் பிரித்துவைத்துப் படித்து, கிழிந்துபோன வாக்கியம் எப்படி முடிந்திருக்கும் என்று நாள்முழுக்க யோசித்துக்கொண்டு திரிவேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற வேலை என்னிடம் வந்தது. சபை என்றால் பெரிதாக நினைத்துவிடாதே. ஓடு போட்ட ஒரே ஒரு கூடம், அதை ஒட்டி உபதேசியாருக்கு ஓர் அறை, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு வீடுகள். தர்மபுரியிலிருந்து ஐயர் எப்போதாவது பஸ் ஏறி வந்து திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஆராதனை நடத்துவது உபதேசியார்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர். கல்யாணம் ஆகவில்லை. சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். அவருக்குச் சம்பளம் என்று வந்தது சைக்கிள் டயருக்கே போதாது. ஆகவே வீட்டுக்கு ஒரு நாள் சாப்பாடு என்று முறை வைத்திருந்தோம். அந்த முறையோடு சுற்றி வந்ததுதான் பித்தளைப் போசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்த பாடத்தில் உக்கிராணக்காரன் என்ற சொல் வந்தது. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. பொருள் தெரியாமல் பிடித்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய் உபதேசியாரிடம் கேட்டேன். "பெரிய வீட்டுல தானியம் வைக்கிற அறை இருக்கும்லா? அந்தச் சாவிய வச்சிருக்கவன். நெல்லு அவனோடது இல்ல, எசமானோடது. ஆனா தெறக்கணும்னா அவன்தான் தெறக்கணும்" என்றார். அதற்குப் பிறகு நான் பார்க்கிற ஆட்களையெல்லாம் அவர்கள் கையில் என்ன சாவி இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். அப்பாவிடம் கிணற்றில் நீர் இறைக்கும் கவலை ஏற்றம், எங்கள் மாடு. ஆபிரகாம் பெரியப்பாவிடம் வண்டி. அவர்தான் சபையின் மூப்பர். என்னிடம் வாசிப்பு. எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் இருந்தது சாரா அத்தை வீடு. அத்தையிடம் என்ன சாவி இருக்கிறது என்று மட்டும் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாரா அத்தையின் கணவர் கிணற்று வேலையில் இறந்துபோயிருந்தார். இரண்டு சின்னப் பெண்கள். அத்தை ரோட்டு வேலைக்குப் போய் ஜல்லி உடைப்பாள். ஆனாலும் தன் முறையை விட்டதில்லை. மற்ற வீடுகளில் எல்லாம் உபதேசியாருக்கு அரிசிச் சோறுதான் போடுவோம். நாங்கள் தினம் தின்பது களி. ஆனால் தெற்கத்தி ஆளுக்குக் களி போட்டால் மரியாதை இல்லை என்று எல்லாரும் அரிசிக்கு அலைவோம். அத்தை மட்டும் அலையவில்லை. வந்த புதிதில் அவள் கொடுத்த களியை உபதேசியார் மென்று மென்று தாடை வலித்து நின்றதைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெல்லாதீங்க சாமி, இது என்ன சுவிசேஷமா, அசைபோட்டுக்கிட்டே இருக்கறதுக்கு? கீரைச் சாத்துல தோச்சு முழுங்குங்க" என்றாள் அத்தை. அவரும் ஒரு கவளத்தை உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார். பிறகு கண்ணைத் திறந்து, "இன்னொண்ணு" என்றார்.

அந்த வருஷம் மழை இல்லை. முந்தின வருஷமும் சரியாகப் பெய்யவில்லை. கிணறுகளில் பாறை தெரிந்தது. பெரியப்பா மாட்டை விற்றார். ரேஷன் கடையில் கோதுமையும் மக்காச்சோள மாவும் போட்டார்கள். சபை மூலமாகப் பால் பவுடர் வந்தது. அதைக் கோயில் வாசலில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். முதலில் கூப்பிடுகிற பெயர் சாரா அத்தையுடையது. அது சரிதான். அவள் வீட்டில்தான் கஷ்டம் அதிகம்.

ஒரு நாள் சாயங்காலம் ஆபிரகாம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். போசி அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது. "நாளைக்குச் சாராவுக்குப் போவணும் இல்ல? வேணாம்டா தம்பி. அவளே புள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்ச வழியில்லாமக் கெடக்கறா. அவளை விட்டுட்டு நேரா என் வூட்டுக்கு அனுப்பிடு. அவ முறையையும் நானே பாத்துக்கறேன்" என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா உள்ளிருந்தே, "நல்ல காரியங்க மாமா, புண்ணியமாப் போவும்" என்றாள். எல்லாருடைய முகத்திலும் ஒரு நிம்மதி. பெரியப்பாவுக்கும் அது சுலபமான காரியம் இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வீட்டிலும் தானியக் குதிர் காலிதான். இரண்டு நாள் சோறு போட ஒத்துக்கொண்டது பெரிய மனசு. அவரை நான் குறை சொல்லி எழுதவில்லை. அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. நடுவில் இருந்த வீட்டுக்குள் போய்க் கேட்கவில்லை.

போசியைக் கொண்டுபோவது பிள்ளைகள் வேலை. அம்மா உள்ளே ஒரு பிடி மாவு போட்டு மூடி என்னிடம் கொடுத்தாள். பெரியப்பா வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது, அத்தை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். அந்தப் பஞ்சத்தில் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பது எவ்வளவு பெரிய செலவு என்று உனக்குத் தெரியாது. முருங்கைக் கீரையை ஒரு முறத்தில் உருவி வைத்திருந்தாள். சின்னவள் என்னைப் பார்த்ததும் "அம்மா, போசி!" என்று கத்தினாள். நான் நிற்காமல் நடந்தேன்.

"ஏம் பாப்பா, வூடு இங்க இருக்குது. கண்ணு தெரியலியா?" என்று அத்தை சிரித்தாள்.

"பெரியப்பா வூட்டுல குடுக்கச் சொன்னாங்க அத்தை."

"நடுவுல நான் ஒருத்தி இருக்கறனே?"

"ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

அத்தை சிரிப்பை நிறுத்தினாள். "யாரு சொன்னது, நானா?" என்று கேட்டாள். அவள் என்னைப் போகச் சொல்லித் தலையை அசைத்தாள். பெரியப்பா வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். சின்னவள் மட்டும் வாசலில் நின்று போசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பிடி மாவும் அந்த வீட்டுக்கு வரவேண்டியதல்லவா? அவள் கொடுக்கிறதை நிறுத்தினோம். அத்தோடு, யாருக்கும் கை நீட்டாமல் அவள் வாங்கிக்கொள்கிற ஒன்றையும் நிறுத்திவிட்டோம். இதைப் பெரியவர்கள் யாரும் யோசிக்கவில்லை. போசியைக் கையில் வைத்திருந்ததால் எனக்கு அது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். "பஞ்சத்துல வேதத்துல வர்ற அந்தத் தீர்க்கதரிசி விதவை வூட்டுக்குத்தானே போனாரு? கடைசிப் பிடி மாவுல மொதல்ல எனக்கு ஒரு அடை சுட்டுக் குடுன்னு கேட்டாரே. பாவம்னு தாண்டிப் போவலியே" என்றேன்.

"அந்தம்மா பானையில மாவு கொறையவேயில்ல. சாரா பானையில கொறையும்டி. ரேஷன் கடையில அற்புதமெல்லாம் நடக்காது" என்றாள் அம்மா.

"அத்தையும் உக்கிராணக்காரிதானே அப்பா? அவங்க சாவிய நாம புடுங்கலாமா?"

"ஒம்போதாவது படிச்சா உபதேசம் பண்ண வந்துருவியா? போய்த் தட்டைக் கழுவு" என்றார் அப்பா. தட்டைக் கழுவினேன். ஆனால் கேள்வியைக் கழுவ முடியவில்லை. அத்தையிடம் இருந்த சாவி எது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது நாங்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஐயர் வந்தார். அன்றைக்குத் திருவிருந்து. பெண்கள் வரிசையாகப் போய் முன்னால் முழங்கால் போட்டார்கள். சாரா அத்தை கதவோரம் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தே இருந்தாள். ஐயர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் பார்த்தார்.

"சாராம்மா, வரலியா?"

"இல்லீங்க ஐயா."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க." அத்தை எழுந்து நின்றாள். "என் வூட்டுச் சாப்பாடு இந்தச் சபைக்கு வேணாம்னு ஆயிப்போச்சு. அப்பறம் நான் மட்டும் இங்க பந்தியில வந்து கைய நீட்டறது எப்படிங்க?"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஆபிரகாம் பெரியப்பா திரும்பினார். "வேணாம்னு யாரும்மா சொன்னாங்க? ஒனக்குப் பாரமா இருக்குமேன்னுதான் விட்டோம்."

"பாரம்னு நான் வந்து சொன்னனாண்ணா? எம்புள்ளைக்கு அம்மை போட்டப்ப நானே வந்து சொன்னேன், இந்த முறை தாண்டிப் போங்கன்னு. இப்பச் சொன்னனா? பால் பவுடருக்கு எம்பேரை மொதல்ல கூப்புடுறீங்க. போசிக்குக் கடைசியாக்கூடக் கூப்புடலியே."

அப்போது உபதேசியார் எழுந்தார். அவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது. "எம்மேல அம்மாவுக்கு ஏதோ வருத்தம்னுல்லா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க முறையன்னைக்குப் பெரியவர் வீட்டுலருந்து சாப்பாடு வந்துச்சு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேக்கவே பயமா இருந்துச்சு" என்றார். பெரியப்பா இதை எதிர்பார்க்கவில்லை. ஒருத்தருக்குப் பாரம் குறைக்கப்போய் இரண்டு பேர் மனதில் கல்லை வைத்துவிட்டோம் என்பது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

ஐயர் நல்ல மனிதர். "இன்னைக்கு மத்தியானம் எனக்குச் சாராம்மா வீட்டுலதான் சாப்பாடு" என்றார். எனக்கு மகிழ்ச்சியில் கை தட்ட வேண்டும் போல இருந்தது. நான் படித்த கதைகள் எல்லாம் அப்படித்தான் முடியும். ஆனால் சாரா அத்தை அந்தக் கதைகளைப் படித்தவள் இல்லை. "வேணாங்க ஐயா" என்றாள். "ஆபிரகாம் அண்ணன் வூட்டுல காலையிலயே கோழி அடிச்சாச்சு. நீங்க போவலைன்னா அண்ணி என்னைச் சும்மா வுடாது." யாரோ சிரித்துவிட்டார்கள், பெரியம்மாவாகத்தான் இருக்கும். அத்தை சிரிக்கவில்லை. "எனக்குன்னு புதுசா ஒண்ணும் பண்ண வேணாங்க. என் முறை எனக்கு வந்தாப் போதும்."

பெரியப்பா எழுந்து, நடுவில் இருந்த வழியைக் கடந்து பெண்கள் பக்கத்துக்கே வந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஆண்கள் அப்படி வரமாட்டார்கள். "இன்னிக்கே போசி வரும்மா. அது இருக்கற வூட்டுல வாங்கி நானே கொண்டாறேன். வா" என்றார். அத்தை பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு முன்னால் போனாள். ஏற்கனவே அப்பம் வாங்கிவிட்ட பெரியப்பாவும் கூடப் போய் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டார்.

மத்தியானம் பெரியப்பா போசியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்ததை எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மூப்பர் போசி தூக்கி யாரும் பார்த்ததில்லை. நான் வேண்டுமென்றே பின்னாலேயே போனேன். அத்தை வாங்கி மூடியைத் திறந்தாள். விளிம்பு வரை மாவு. பெரியப்பா வீட்டில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டிருக்கிறார். அத்தை அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து முறத்தில் வைத்தாள். "துண்ட நீட்டுங்கண்ணா" என்றாள். மீதி மாவு முழுவதையும் அவர் துண்டில் கொட்டிவிட்டாள். "முறைக்கு ஒரு பிடிதாங்கண்ணா. எல்லா வூட்டுக்கும் அதான்." பெரியப்பா மாவு சிந்தாமல் துண்டின் நாலு முனையையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் அத்தை மக்காச்சோள மாவில் களி கிளறி, முருங்கைக் கீரை கடைந்து அனுப்பினாள். அந்த மாவு சரியாகச் சேராது, களி கட்டி கட்டியாக இருந்தது. உபதேசியார் வழித்துச் சாப்பிட்டார் என்று சின்னவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

இதையெல்லாம் பார்த்த நான் உன்னைச் சரியாக வளர்த்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் நான் இடறிவிட்டேன். எழுபதுகளின் கடைசியில் நாம் அதியமான்கோட்டையில் குடியிருந்தோம். நானும் உன் அப்பாவும் வேலைக்குப் போவோம், ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு வந்தவர்கள் நம் வீட்டில் சாப்பிடுவார்கள். நீ செம்பைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, "நான் தண்ணி ஊத்தறேம்மா" என்று வருவாய். பாதி இலையில் ஊற்றுவாய், பாதி விருந்தாளி மடியில் ஊற்றுவாய். நான் செம்பைப் பிடுங்கி, "நீ போய்ப் படி ராஜா, அம்மா பாத்துக்கறேன்" என்பேன். கொஞ்ச நாளில் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். நன்றாகப் படித்தாய், நல்ல வேலைக்குப் போனாய். ஒருவர்மேல் அன்பு இருந்தால் அவர் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நீ ஐயரிடம் போய்ப் பேசியது நான் சொல்லிக்கொடுத்த பாடம். ஆகவே அதைத் திருத்துவதும் என் வேலை.

உக்கிராணம் என்றால் பணம் உள்ளவர்கள் கொடுப்பது, பெலன் உள்ளவர்கள் செய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீயும் மாதாமாதம் தவறாமல் காணிக்கை அனுப்புகிறாய், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் எசமான் எல்லார் கையிலும் ஏதோ ஒரு சாவியைக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார். சிலருடைய அறையில் மூட்டைகள் இருக்கும். சிலருடைய அறையில் ஒரு பிடிதான் இருக்கும். ஒரு பிடி இருக்கிற அறையை நாம் போய் இரக்கப்பட்டுப் பூட்டிவிட்டு வரக் கூடாது. முடியாதவர்களை வற்புறுத்தச் சொல்லவில்லை. அம்மை போட்டபோது அத்தையே வந்து சொன்னாளே, அப்போது தாண்டிப் போனோம், யாருக்கும் வருத்தம் இல்லை. கேட்டுவிட்டுத் தாண்டலாம். கேட்காமல் தாண்டினால், உள்ளே இருக்கிறவள் உயிரோடு இருக்கிறாளா என்பதைக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். போன சனிக்கிழமை திறந்த கதவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள். "அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டாருங்கம்மா, அதான்..." என்றாள். "அண்ணனோட வருத்தத்த நான் பாத்துக்கறேன். ஒன் சமையல் முடிஞ்சுதா? போசியக் குடு" என்றேன். "நீங்க எப்படிம்மா தூக்கிக்கிட்டுப் போவீங்க, நான் கொண்டாந்து தரேன்" என்றாள். அதற்கு ஒத்துக்கொண்டேன். பார், நான் பிடிவாதக்காரி இல்லை. அவள் தூக்கிக்கொண்டு வந்தாள், நான் முன்னால் நடந்தேன். ஐயரிடமும் சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. போசி இப்போது என் எதிரில் மேசைமேல் இருக்கிறது. உள்ளே ஒரு பிடி மாவு இருக்கிறது.

நீ பயந்ததில் உண்மை இல்லாமல் இல்லை. என் கை ஆறிவிட்டது, ஆனால் பெரிய பானையை இனி என்னால் இறக்க முடியாது. அதை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். அதனால் இந்த வாரம் சோறு இல்லை, களி. பாடம் நடத்துகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சென்னையில் வளர்ந்தவர்கள், மெல்லத்தான் போகிறார்கள், நாம் சிரிக்கலாம். இருபது பேருக்குக் களி கிளற என் தோளில் வலு இல்லை. நீ காலையில் எழுந்து இரும்பைத் தூக்கித் தூக்கிக் கையை வளர்த்து வைத்திருக்கிறாயே, அது எதற்கு இருக்கிறது? சனிக்கிழமை ரயிலில் வந்து மொரப்பூரில் இறங்கு. களி கிளறும் துடுப்பை எடுத்து வைத்திருக்கிறேன். மாவை எப்போது கொட்ட வேண்டும், தீயை எப்போது குறைக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்து சொல்கிறேன். நீ கிளறு. சாப்பாடு ஆனதும் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்று, யார் மடியில் கொட்டினாலும் நான் செம்பைப் பிடுங்கமாட்டேன்.

பிறகு போசியைக் கழுவித் துடைத்து, ஒரு பிடி மாவு போட்டு மூடித் தருகிறேன். அடுத்த வீட்டுக்கு நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போ. வழியில் எந்த வீட்டையும் தாண்டிவிடாதே.

உன் அம்மா